துணி பேட், கப், பீரியட் பேண்டி: காரைக்குடி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தையல்காரி, காரைக்குடி பக்கம். ஜாக்கெட் அளவு குடுக்க வர்றவங்க கடையில வேற ஆள் இல்லாத நேரமா பாத்து மெதுவா கேக்குற கேள்விங்க இதெல்லாம். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வச்சுட்டா வேணுங்கறவங்களுக்கு அனுப்பி விட்டுரலாம்னு தோணுச்சு. நான் டாக்டர் இல்ல. துணி பத்தி தொழில்ல தெரியும், கப் பல வருஷமா யூஸ் பண்றதால தெரியும். எங்கெல்லாம் டாக்டரைப் பாக்கணும்னு எழுதிருக்கேனோ அங்க கண்டிப்பா போய் பாத்துருங்க.

அக்கா, துவைச்சு துவைச்சு யூஸ் பண்றதுல என்னென்ன இருக்கு?

முக்கியமா மூணு. துணி பேட், கப், பீரியட் பேண்டி. துணி பேட் நாப்கின் மாதிரியே ஜட்டியில வச்சு ரெக்கையை டிச் பட்டன்ல மாட்டிக்கிறது, துவைச்சு காயவச்சு மறுபடி யூஸ் பண்ணலாம். கப்புங்கறது மெடிக்கல் கிரேடு சிலிகான்ல செஞ்ச சின்ன கிண்ணம், உள்ள வச்சுக்கணும், அது ரத்தத்தை உறிஞ்சாது, பிடிச்சு மட்டும் வைக்கும். பீரியட் பேண்டின்னா ஜட்டியிலயே உறிஞ்சுற லேயர் வச்சு தைச்சது. டிஸ்க்னு இன்னொண்ணும் வருது, அதையும் உள்ளதான் வைக்கணும், நம்ம ஊர் கடையில சாதாரணமா கிடைக்கிறது இல்ல, அதனால இங்க விட்டுறேன்.

இதெல்லாம் ஏதோ நேத்து வந்ததுன்னு நினைக்காதீங்க. கப்புக்கு 1937லயே அமெரிக்காவுல லியோனா சால்மர்ஸ்ங்கற அம்மா பேட்டன்ட் வாங்கிட்டாங்க. துணியைப் பத்தி சொல்லவே வேண்டாம், நம்ம ஆச்சிமார் காலத்துல அது மட்டும்தான் இருந்துச்சு.

இதுல எனக்கு எது செட் ஆகும்?

எல்லாரும் விலையைத்தான் முதல்ல கேப்பாங்க. நான் முதல்ல கேக்குறது, உங்க வீட்ல தண்ணி எப்படி, வெயில் படுற கொடி எங்க இருக்கு, பாத்ரூம் உங்களுக்கு மட்டுமா இல்ல பத்து பேருக்குப் பொதுவா, இந்த மூணும்தான். துணி பேட்டுக்கு தண்ணி நிறைய வேணும், வெயில் வேணும். கப்புக்கு தண்ணி கொஞ்சம் போதும், வெயிலே வேண்டாம், ஆனா கை கழுவ சோப்பும் தாழ்ப்பாள் ஒழுங்கா இருக்குற ஒரு பாத்ரூமும் வேணும், உள்ள விரல் வைக்கிறதுக்கு மனசும் ரெடியா இருக்கணும். பீரியட் பேண்டி ரெண்டுக்கும் நடுவுல, ஆனா காயறதுக்கு மூணுலயும் அதுக்குத்தான் நேரம் ஜாஸ்தி.

தண்ணி லாரிக்குக் காத்து நிக்கிற வீட்ல இருக்குற பொண்ணுகிட்ட போய் துணி பேட்தான் நல்லதுன்னு பேசுறது நியாயமே இல்ல. அவங்களுக்கு கப்தான் லேசு. மொட்டை மாடியும் போர் தண்ணியும் இருக்குற வீடுன்னா துணி பேட் ராணி மாதிரி ஓடும். ஒண்ணே ஒண்ணுலதான் இருக்கணும்னும் இல்ல, பகல்ல கப்பு ராத்திரி துணி பேட்னு இருக்குறவங்க நிறைய பேரு.

துணின்னாலே இன்ஃபெக்ஷன் வரும்னு சொல்றாங்களே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் ரொம்ப நேரம் எடுத்துப் பதில் சொல்லுவேன். வம்பு துணியில இல்ல, அதை ஒளிச்சு வைக்கிறதுலதான் இருக்கு.

தெரிஞ்ச அயித்தை ஒருத்தங்க வீடு, பெரிய வளவு வீடுதான், முகப்புல இருந்து பின்கட்டு வரைக்கும் நடந்தாலே கால் வலிக்கும், நடு முத்தத்துல வெயில் கொட்டுது, அங்க வத்தல் காயுது, அப்பளம் காயுது. மருமக பொண்ணு துணி மட்டும் குளியலறை கதவுக்குப் பின்னாடி ஆணியில தொங்குது, அதுக்கு மேல பழைய பாவாடை ஒண்ணு போத்தி இருக்கு. தொட்டுப் பாத்தேன், முந்தின நாள் துவைச்சதாம், மடிப்புக்குள்ள இன்னும் ஜில்லுன்னு ஈரம், ஒரு மக்குன வாடை. அதைத்தான் அடுத்த நாள் எடுத்து வைக்கப் போறா. அரிப்பு வராம என்ன செய்யும்? இருட்டும் ஈரமும் சேர்ந்த எடத்துல கிருமியும் பூஞ்சையும் வளரத்தான் செய்யும். அதே துணி முத்தத்து வெயில்ல ரெண்டு மணி நேரம் கிடந்திருந்தா மொறுமொறுன்னு காஞ்சிருக்கும்.

சுத்தமா துவைச்சு, நல்ல வெயில்ல உள்வரைக்கும் காயவச்சு, 4 மணி நேரத்துல இருந்து 6 மணி நேரத்துக்குள்ள மாத்துனா துணி பேட்டால பயப்பட ஒண்ணும் இல்ல. கடை நாப்கினையும் காலையில வச்சு சாயங்காலம் வரைக்கும் மாத்தாம இருந்தா புண்ணும் அரிப்பும் வரத்தான் செய்யும், அது வெள்ளையா இருக்கறதால மட்டும் சுத்தம் ஆயிராது.

பழைய சேலையைக் கிழிச்சு மடிச்சு வச்சுக்கலாமா? எங்க வீட்ல பழைய கண்டாங்கி நிறைய கிடக்கு.

நல்லா நைஞ்ச காட்டன்னா தாராளமா. கண்டாங்கிக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சுது, எல்லாருக்கும் பெருமைதான், ஆனா இந்த வேலைக்கு புதுக் கண்டாங்கி ஆகாது, நூல் தடிமன், சாயம் போகும், தொடையில உரசும். பல வருஷம் கட்டி கட்டி நைஞ்சு போன பழசுன்னா அதோட உடல் பகுதி நல்லா உறிஞ்சும். பார்டர், முந்தி ரெண்டையும் வெட்டி எடுத்துருங்க, அங்கதான் நூல் இறுக்கமா இருக்கும். பழைய வேட்டி இதைவிட மெத்துன்னு இருக்கும், மேல் லேயருக்கு நான் வேட்டித் துணியைத்தான் எடுப்பேன்.

சிந்தெடிக் கலந்த சேலை வேண்டவே வேண்டாம். கலப்பா இல்லையான்னு தெரியலைன்னா ஒரு ஸ்பூன் தண்ணி அது மேல ஊத்திப் பாருங்க, உடனே குடிச்சுட்டா காட்டன், உருண்டு ஓடுச்சுன்னா அதை ஓரமா வைங்க. புதுத் துணியில கஞ்சி இருக்கும், அது ஒழுங்கா உறிஞ்சாது, அதனால எந்தப் புதுத் துணியா இருந்தாலும் ரெண்டு மூணு தடவை அலசி காயவச்சுட்டுத்தான் வெட்டணும்.

சும்மா மடிச்சு வச்சா நகரும், நடக்கும்போது பயமா இருக்கும், அதுக்குத்தான் ரெக்கை வச்சு தைக்கிறது. நான் தைக்கிற முறை இதுதான்: மேல ஒரு லேயர் மெல்லிசான காட்டன், நடுவுல நாலஞ்சு லேயர் ஃபிளானல்ங்கற மெத்துன்னு இருக்குற துணி, அடியில கசியாம இருக்க பியூஎல்னு ஒரு துணி, அது பாலியஸ்டர் மேல மெல்லிசா பிளாஸ்டிக் கோட்டிங் ஏத்துனது, மழைக்கோட்டு அளவுக்கு விறைப்பா இருக்காது. பியூஎல் போடும்போது நடுவுல ஊசி படாம ஓரத்துல மட்டும்தான் தையல் போடணும், ஊசி ஓட்டை விழுந்த எடத்துல எல்லாம் கசியும். வீட்ல தைக்கிறவங்க கோட்டை விடுறது பெரும்பாலும் இந்த எடத்துலதான்.

கடையில வாங்குறதா இருந்தா என்ன பாக்கணும், எத்தனை வேணும்?

உடம்புல படுற லேயர் காட்டனான்னு பாருங்க. வெல்வெட் மாதிரி மெத்துன்னு தடவி விடுற துணியா இருந்தா பெரும்பாலும் பாலியஸ்டர்தான், நம்ம ஊர் சித்திரை வெயில்ல அது வேர்த்துக் கொட்டும். தையல் பிரிஞ்சிருக்கா, பட்டன் ரெண்டு பக்கமும் சரியா மாட்டுதான்னு இழுத்துப் பாருங்க. மறுபடி பயன்படுத்துற பேட்டுக்கும் பீரியட் பேண்டிக்கும் ஐஎஸ் 17514ன்னு 2021ல ஒரு இந்தியத் தர அளவு வந்திருக்கு, அட்டையில அது போட்டிருந்தா நல்லது.

நம்ம தமிழ்நாட்டுலயே ஆரோவில்ல ஈகோ ஃபெம்னு ஒரு அமைப்பு 2010ல இருந்து துணி பேட் செய்றாங்க, உள்ளூர் பெண்கள்தான் தைக்கிறாங்க. அவங்களோடதா இருக்கட்டும், உங்க ஊர் சுய உதவிக் குழு தைச்சதா இருக்கட்டும், முதல்ல ரெண்டே ரெண்டு வாங்கி ஒரு மாசம் பாருங்க. ஒத்துக்கிச்சுன்னா பகலுக்கு ஆறு, ராத்திரிக்கு நீளமா ரெண்டு இருந்தா பெரும்பாலானவங்களுக்குப் போதும். ஒண்ணு உடம்புல, ஒண்ணு கொடியில, ஒண்ணு அலமாரியில இருக்குற மாதிரி கணக்கு வரணும், அப்பதான் ஈரத்தை எடுத்து வைக்குற நிலைமை வராது.

எப்படித் துவைக்கிறது? கறை போகவே மாட்டேங்குது.

சுடுதண்ணி ஊத்துனீங்களா? அதான் போகல. ரத்தத்துல இருக்குறது புரோட்டீன், சூடு பட்டா அது துணியிலயே இறுகிப் போயிரும். பச்சைத் தண்ணியில முதல்ல ஊற வைங்க, அரை மணி நேரம் போதும், ராத்திரி பூரா ஊறப்போட்டா நாத்தம்தான் வரும். அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு ஓடுற தண்ணியில பிழிஞ்சு பிழிஞ்சு விடுங்க, தண்ணி தெளிஞ்ச பிறகுதான் சோப்பு. சாதாரண துவைக்கிற சோப்பு போதும். கம்ஃபர்ட் மாதிரி வாசனைத் திரவம் போடவே கூடாது, அது துணி மேல படிஞ்சு உறிஞ்சுற தன்மையைக் கெடுத்துரும். டெட்டாலும் தேவையில்ல, மிச்சம் இருந்தா எரியும்.

லேசா கறை நின்னுச்சுன்னா நிக்கட்டும். கறைங்கறது அழுக்கு இல்ல, நல்லா துவைச்சு வெயில்ல காஞ்ச கறைத்துணி சுத்தமான துணிதான். பாக்கக் கஷ்டமா இருந்தா மெரூன், அடர் நீலம்னு மேல் லேயர் வாங்கிக்கங்க. மெஷின்ல போடலாமான்னா போடலாம், முதல்ல கையில அலசிட்டு மத்த துணியோடயே போடலாம்.

இன்னொண்ணு, நம்ம பக்கம் போர் தண்ணி உப்பு, சோப்பு நுரையே வராது, சோப்பு சரியா போகாம துணி விறைச்சு அட்டை மாதிரி ஆயிரும். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி நல்ல தண்ணி வைங்க. காரைக்குடி டவுன்ல சம்பை ஊத்துத் தண்ணி வர்ற வீடுன்னா கவலையே இல்ல. மழை பெய்யும்போது வளவு முத்தத்துல அண்டா வச்சு பிடிக்கிற வீடுகள் இன்னும் இருக்கு, அந்தத் தண்ணி இதுக்கு அருமையா இருக்கும்.

எங்க காயப்போடுறது? வீட்ல மாமனார், கொழுந்தன் எல்லாம் இருக்காங்க.

வெயில்ல காயப்போடணும், இதுல நான் விட்டுக்குடுக்கவே மாட்டேன். துணி பேட் பாக்க கைக்குட்டையை தைச்சு வச்ச மாதிரிதான் இருக்கும், பூப்போட்ட துணியா இருந்தா என்னன்னு கேக்கக்கூட யாருக்கும் தோணாது. ரொம்பக் கூச்சமா இருந்தா ஆரம்பத்துல மேல மெல்லிசான ஈரிழைத் துண்டு ஒண்ணு போட்டுக்கங்க, சூடும் காத்தும் உள்ள போற அளவுக்கு மெல்லிசா இருக்கணும், சேலையை நாலா மடிச்சுப் போத்துறது கூடாது. பின்கட்டு கொடி, மொட்டை மாடி, ஜன்னல் கம்பி எதுவானாலும் சரி, நேரா வெயில் விழணும்.

வீட்ல பெரியவங்க தீட்டு, எல்லாரும் நடமாடுற முத்தத்துல போடாதன்னு சொன்னா சண்டை போட வேண்டாம், போட வேற எடம் காட்டுங்க ஆச்சின்னு கேளுங்க. வெயில் படுற எடமா கேளுங்க. எங்க தெருவுல ஒரு ஆச்சி அப்படித்தான் மருமகளுக்குத் தோட்டத்துப் பக்கம் தனிக் கொடியே கட்டிக் குடுத்தாங்க, நாங்கள்லாம் இருட்டுல காயப்போட்டு பட்ட பாடு போதும்னு சொன்னாங்க. அவங்களுக்குத் தெரியும், நம்மகிட்ட சொல்லாம இருந்திருக்காங்க அவ்ளோதான்.

ஐப்பசி கார்த்திகை மழையில?

தடியா ஒட்டுமொத்தமா தைச்ச பேட் மழைக்காலத்துல உள்ள காயாது. மடிப்பு டைப் வாங்குங்க, விரிச்சா ஒத்தைத் துணியா ஆயிரும், ஃபேன் காத்துலயே காஞ்சுரும். பியூஎல் வச்ச பேட்டை இஸ்திரி போடாதீங்க, கோட்டிங் உருகும். வெறும் காட்டன் மடிப்புத் துணின்னா இஸ்திரி போட்டு எடுத்தா ரொம்ப நல்லது. காஞ்சுதான்னு சந்தேகமா இருந்தா கன்னத்துல வச்சுப் பாருங்க, ஜில்லுன்னு இருந்தா காயல.

கப்பு உள்ள போயி காணாமப் போயிருமா?

போகாது. அந்தப் பாதை மேல கர்ப்பப்பை வாயில முடிஞ்சிருது, அந்த வாய்த் துவாரம் ரொம்பச் சின்னது, கப்பு அதுக்குள்ள நுழையவே முடியாது. சில நேரம் மேல ஏறி உக்காந்துக்கும், கைக்கு எட்டாத மாதிரி இருக்கும், அப்ப பதறக்கூடாது. குந்த வச்சு உக்காந்து வயித்தால லேசா கீழ்நோக்கி முக்குனா இறங்கி வந்துரும். ஒரு மணி நேரம் விட்டுட்டு திரும்ப முயற்சி பண்ணலாம். என்ன பண்ணியும் வரலைன்னா டாக்டர்கிட்ட போனா நிமிஷத்துல எடுத்துருவாங்க, வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

கல்யாணம் ஆகாத பொண்ணு கப்பு யூஸ் பண்ணலாமா? கன்னித்தன்மை போயிரும்ங்கறாங்க.

பண்ணலாம். கன்னித்தன்மைங்கறது உடம்புல பாத்துக் கண்டுபிடிக்கிற விஷயமே இல்ல. அந்தச் சவ்வு ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி இருக்கும், சிலருக்குப் பிறவியிலயே ரொம்பக் கொஞ்சம்தான், விளையாட்டு, சைக்கிள்னு பல காரணத்தால விரியவும் செய்யும். அதைப் பாத்து ஒரு பொண்ணு உறவு வச்சிருக்காளா இல்லையான்னு சொல்லவே முடியாது, அந்தச் சோதனையையே நிறுத்தணும்னு உலக சுகாதார நிறுவனம் 2018ல சொல்லிருச்சு.

ஆனாலும் சின்னப் பொண்ணை வற்புறுத்தி கப்பு வைக்கச் சொல்லாதீங்க. தன் உடம்பை பத்தி தெரிஞ்சு, தானா விருப்பப்பட்டு கேட்டா வாங்கிக் குடுங்க. புதுசா வயசுக்கு வந்த பிள்ளைக்கு துணி பேட்டோ பீரியட் பேண்டியோ போதும்.

என்ன சைஸ் எடுக்கணும்?

கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும், அதனால அட்டையில இருக்குற மில்லி கணக்கையும் விட்டத்தையும் பாருங்க. பொதுவா பிரசவம் ஆகாதவங்களுக்குச் சின்னது, சுகப்பிரசவம் ஆனவங்களுக்குப் பெருசு. பீரியட்ஸ் நேரத்துல சுத்தமான விரலை உள்ள விட்டுப் பாருங்க, மூக்கு நுனி மாதிரி ஒண்ணு தட்டுப்படும், அதான் கர்ப்பப்பை வாய். சீக்கிரமே தட்டுப்பட்டா குட்டையான கப்பு, விரல் பூரா போயும் எட்டலைன்னா நீளமான கப்பு. ரொம்ப மெத்துன்னு இருக்கற கப்பு வைக்கும்போது சுகமா இருக்கும், ஆனா உள்ள போய் விரியாம மடங்கியே நிக்கும், முதல் தடவைக்கு நடுத்தர விறைப்பா பாத்து எடுங்க.

போடுறது எப்படி, எடுக்குறது எப்படி?

கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்க, நகம் வெட்டியிருக்கணும். கப்பைத் தண்ணியில நனைச்சுக்கிட்டா லேசா வழுக்கி உள்ள போகும். விளிம்பை ஒரு விரலால உள்ள அமுக்கி மடிச்சா நுனி கூம்பா வரும், அதைக் குந்துன மாதிரியோ ஒரு காலைத் தூக்கி வாளி மேல வச்சோ, முதுகுப் பக்கமா சாய்ச்சு உள்ள விடணும், நேரா மேல தள்ளக்கூடாது. உள்ள போனதும் விட்டா விரியும். அடிப்பாகத்தைச் சுத்தி விரலை ஓட்டிப் பாருங்க, மடிப்பு தட்டுப்பட்டா லேசா திருப்பி விடுங்க. சரியா உக்காந்தா இருக்குறதே தெரியாது, குத்துச்சுன்னா சரியா வைக்கலன்னு அர்த்தம்.

எடுக்கும்போது காம்பைப் பிடிச்சு இழுக்கவே கூடாது. உள்ள ஒரு உறிஞ்சு பிடிப்பு இருக்கும், அடிப்பாகத்தை ரெண்டு விரலால கிள்ளுனா காத்து போய் விடுபடும், அப்புறம் லேசா ஆட்டி ஆட்டி இறக்கணும். 12 மணி நேரத்துக்கு மேல உள்ள விடாதீங்க. முதல் ரெண்டு மூணு மாசம் ஒழுகலாம், பழகுற வரைக்கும் கூட ஒரு துணி பேட் வச்சுக்கங்க, லீவு நாளா பாத்து ஆரம்பிங்க. 2019ல லான்செட் பப்ளிக் ஹெல்த்ங்கற மருத்துவப் பத்திரிகையில 43 ஆய்வுகளை ஒண்ணா வச்சுப் பாத்து எழுதியிருந்தாங்க, கசிவு விஷயத்துல நாப்கினுக்குக் கப்பு சமமாவோ அதைவிட நல்லாவோதான் இருக்குன்னு, பழகுறதுக்கு மட்டும் சில மாசம் எடுக்கும்னு. நான் பாத்தவங்க அனுபவமும் அதேதான்.

கொதிக்க வச்சா கப்பு மேல வெள்ளையா படியுதே?

உப்புத் தண்ணியோட வேலை அது. கெட்டது இல்ல, ஆனா சொரசொரன்னு ஆனா உரசும். கேன் தண்ணியோ மழைத்தண்ணியோ எடுத்துக் கொதிக்க வைங்க, ஒரு டம்ளர் தண்ணிதானே ஆகப்போகுது. இதுக்குன்னு தனியா ஒரு சின்ன எவர்சில்வர் ஏனம் வச்சுக்கங்க, அடுப்படியில வைக்க வீட்ல ஒத்துக்கலன்னா கரண்ட் கெட்டில் ஒண்ணு ரூம்லயே வச்சுக்கலாம். ஒவ்வொரு மாசமும் ஆரம்பிக்கும்போது ஒரு தடவை, முடிஞ்சதும் ஒரு தடவை, நல்லா தளதளன்னு கொதிக்கிற தண்ணியில 5 நிமிஷம், அட்டையில வேற நேரம் போட்டிருந்தா அதும்படி. கப்பு முழுசா தண்ணியில முழுகி இருக்கணும், தண்ணி வத்தி அடியில ஒட்டுனா கருகிரும். நடுவுல அந்த நாலஞ்சு நாளும் காலி பண்ணும்போது தண்ணியில கழுவி திரும்ப வச்சாப் போதும். காஞ்ச பிறகு துணிப் பையில போடுங்க, காத்து போகாத பிளாஸ்டிக் டப்பாவுல பூட்டி வைக்காதீங்க.

பல்லவன்ல மெட்ராஸ் போறேன், ட்ரெயின் பாத்ரூம்ல என்ன பண்றது?

காரைக்குடியில விடியக்காலம் ஏறும்போது வீட்லயே காலி பண்ணி வச்சுட்டு ஏறுங்க, மத்தியானம் எழும்பூர்ல இறங்கி எங்க தங்குறீங்களோ அங்க போய்த்தான் தொடணும். கப்போட பெரிய உபகாரமே இதுதான். ரத்தப்போக்கு அதிகம் உள்ள நாளா இருந்து நடுவுல எடுக்க வேண்டி வந்தா, உள்ள போறதுக்கு முன்னாடியே கையைக் கழுவிட்டு ஒரு சின்ன பாட்டில் நல்ல தண்ணி கொண்டு போங்க, கொட்டிட்டு பாட்டில் தண்ணியில அலசி வச்சுக்கலாம். துணி பேட்னா நனையாத பை ஒண்ணு வேணும், யூஸ் பண்ணதை உள்பக்கமா மடிச்சு அதே ரெக்கை பட்டனை மாட்டி பையில போட்டுட்டு வீட்டுக்கு வந்து அலசலாம், ஆனா மறந்து பைக்குள்ளயே விட்டுறாதீங்க.

யாரெல்லாம் கப்பு வைக்கக் கூடாது?

காப்பர்-டி போட்டிருக்கறவங்க டாக்டர்கிட்ட கேக்காம ஆரம்பிக்கக் கூடாது, கப்பை இழுக்கும்போது காப்பர்-டி நகர்ந்து வெளிய வந்த சம்பவங்கள் பதிவாகி இருக்கு. பிரசவம் ஆகி, இல்ல கலைஞ்சு, உதிரம் போயிட்டு இருக்கும்போது உள்ள எதுவும் வைக்கக் கூடாது, டாக்டர் சரின்னு சொன்ன பிறகுதான். கர்ப்பப்பை இறக்கம் இருக்குறவங்க, வெள்ளைப்படுதல் நாத்தத்தோட இருக்குறவங்க, உள்ள புண்ணு அரிப்பு இருக்குறவங்க முதல்ல வைத்தியம் பாத்துக்கங்க.

டாக்ஸிக் ஷாக் பத்தியும் கேக்குறாங்க. ஒரு வகை பாக்டீரியா விடுற விஷத்தால வர்ற ஆபத்தான நோய் அது. 1980 வாக்குல அமெரிக்காவுல ரொம்ப உறிஞ்சுற டாம்பான், அதாவது உள்ள வைக்கிற பஞ்சு உருளை, யூஸ் பண்ண நிறைய பேருக்கு வந்துச்சு. கப்பால வர்றது ரொம்ப ரொம்ப அரிது, ஆனா வந்திருக்கு. திடீர்னு கடுமையான காய்ச்சல், வாந்தி, பேதி, தலைசுத்தல், வெயில்ல வெந்த மாதிரி தோல் சிவக்கிறது, இதுல ஏதாவது வந்தா கப்பை எடுத்துட்டு நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் கப்பு வச்சிருந்தேன்னு மறைக்காம சொல்லுங்க.

பீரியட் பேண்டி எப்படி?

ராத்திரிக்கு நல்லது, ஸ்கூல் பிள்ளைகளுக்கு நல்லது, பீரியட்ஸ் எந்த நாள் வரும்னு தெரியாத நேரத்துக்கு நல்லது. அதிக ரத்தப்போக்கு உள்ள நாள்ல அதை மட்டும் நம்பி பஸ்ல போகாதீங்க. விலை ஜாஸ்தி, காய நேரம் ஆகும். சில பேண்டியில தண்ணி ஒட்டாம இருக்க பிஎஃப்ஏஎஸ்ங்கற ரசாயனம் போடுறாங்கன்னு வெளிநாட்டுல பிரச்சனை ஆச்சு, அது இல்லைன்னு அட்டையில போட்டிருக்கறதா பாத்து வாங்குங்க.

செலவு கணக்கு சொல்லுங்க.

மாசம் 15 நாப்கின்னு வச்சாலே வருஷத்துக்கு 180. ஒண்ணு 6 ரூபான்னா 1080 ரூபா, ஒவ்வொரு வருஷமும். கப்பு சுமாரா 300ல இருந்து 800 ரூபாக்குள்ள நல்லதே கிடைக்குது, ஒழுங்கா வச்சிருந்தா பத்து வருஷம் வரைக்கும் வரும். துணி பேட் எட்டு எடுத்தா முதல்ல ஆயிரத்துக்கு மேல ஆகும், ரெண்டு மூணு வருஷம் ஓடும், வீட்ல தைச்சா பாதிகூட ஆகாது. 2018 ஜூலையில நாப்கினுக்கு ஜிஎஸ்டி எடுத்தாங்க, நல்லதுதான், இருந்தாலும் மாசா மாசம் வாங்குற செலவு போகல.

குப்பைக் கணக்கும் இருக்கு. நாப்கின்ல பெரும்பகுதி பிளாஸ்டிக்கும் உறிஞ்சுற ஜெல்லும்தான், மக்காது. பேப்பர்ல சுத்தித் தூக்கிப் போட்டது எல்லாம் நாய் இழுத்து ஊரணிக் கரையில கிடக்குறதைப் பாத்தா எனக்கு மனசே ஆறாது, நம்ம முன்னோர் குடிக்கத் தோண்டி வச்ச தண்ணி அது. கேரளாவுல கும்பளங்கின்னு ஒரு பஞ்சாயத்து, கப்பு குடுத்து, பழக்கியும் விட்டு, 2022ல நாப்கின் இல்லாத ஊர்னு அறிவிச்சாங்க. அதுக்கு முன்னாடியே 2019ல ஆலப்புழாவுல 5000 கப்பு குடுத்தாங்க. நம்ம பக்கமும் யாராவது ஆரம்பிக்கணும், கப்பு குடுத்தா மட்டும் போதாது, கூட உக்காந்து சந்தேகம் தீத்து வைக்க ஒரு ஆளும் வேணும்.

ஸ்கூல்ல ஃப்ரீயா நாப்கின் தர்றாங்களே, அப்புறம் எதுக்கு இது?

வாங்கிக்கச் சொல்லுங்க. 2012ல ஆரம்பிச்ச புதுயுகம் திட்டத்தால எத்தனையோ பிள்ளைங்க லீவு போடாம ஸ்கூலுக்குப் போச்சுங்க, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்கூல்ல தண்ணி வராத நாளுக்கு நாப்கின், வீட்ல இருக்கும்போது துணி பேட்னு வச்சுக்கிட்டா போதும்.

எனக்கு ரொம்ப ஜாஸ்தியா போகுது, இதெல்லாம் தாங்குமா?

பொதுவா ஒரு பீரியட்ஸ்ல மொத்தமா போறது 30, 40 மில்லிதான். 80 மில்லிக்கு மேல போனா அதிகம். நாப்கின்ல இது தெரியாது, கப்புல கோடு போட்டிருக்கும், சுமாரா 20ல இருந்து 30 மில்லி பிடிக்கும், கொட்டும்போது பாத்து குறிச்சு வச்சுக்கலாம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க கப்பு ரொம்புது, ஏழு நாளைக்கு மேல போகுது, பெரிய பெரிய கட்டியா விழுதுன்னா அது எந்தப் பொருள் வாங்குறதுங்கற கேள்வியே இல்ல, டாக்டரைப் பாருங்க, ரத்த சோகையும் டெஸ்ட் பண்ணுங்க. நம்ம பொண்ணுங்க இதை வருஷக்கணக்கா பொறுத்துக்கிட்டு, அலுப்பா இருக்குன்னு மட்டும் சொல்லிட்டு வேலை பாத்துட்டு இருக்காங்க, அதுதான் எனக்குத் தாங்கல.

எப்ப தூக்கிப் போடணும், எங்க போடணும்?

கப்புல கீறல், ஓட்டை, பிசுபிசுப்பு, கொதிக்க வச்சும் போகாத வாடை, இதுல ஒண்ணு வந்தாலும் மாத்திருங்க. பழுப்பு நிறம் ஆனா மட்டும் மாத்தத் தேவையில்ல. துணி பேட்ல கசிய ஆரம்பிச்சா பியூஎல் போச்சுன்னு அர்த்தம், பட்டனையும் பியூஎல் துணியையும் வெட்டி எடுத்து குப்பை வண்டியில போடுங்க, மிச்ச காட்டனை துண்டு துண்டா வெட்டி தோட்டத்துல புதைச்சா மக்கிரும். தையல் பிரிஞ்சது, பட்டன் போனதுன்னா தூக்கிப் போடாதீங்க, எந்தத் தையல் கடையிலயும் பத்து நிமிஷத்துல சரி பண்ணித் தருவாங்க, துவைச்சு காயவச்சு கொண்டு வந்து தைரியமா குடுங்க.